சபீனாவின் அடுப்பு

யரக்கா ஓடை,
மார்ச் 2, 1874

கனம் பொருந்திய நிலத்துறை மந்திரி மால்கம் டேவரன் அவர்களுக்கு, அக்கா ஒனோரா பணிவுடன் எழுதிக்கொள்வது.

பணிவுடன் என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது. உன் மூக்கைத் துடைத்துவிட்ட கை இது. மாலக்கி ஓ'டேவரன் என்று ஞானஸ்நானத்தில் வைத்த பேர், கப்பல் இறங்கிய பத்து வருஷத்துக்குள் மால்கம் டேவரன் ஆகிவிட்டது. அந்த "ஓ" உன்னை என்ன செய்தது, பாவம்? மெல்போர்னில் கோட்டுக்குள் அடங்கவில்லையா?

இங்கே நான் நலம். மழை ஏமாற்றிவிட்டதால் உருளைக்கிழங்கு கோலிக்குண்டு அளவில்தான் விளைந்திருக்கிறது. சிவப்பு மாடு கன்று போட்டது. பாதர் குயிலனுக்குக் கால் வீக்கம் வடியவில்லை. ஆனாலும் பிரசங்கத்தைக் குறைக்கிற வழியைக் காணோம்.

உன் செயலாளர் எழுதிய கடிதம் வந்தது. பதினாலாம் தேதி சனிக்கிழமை நீ இங்கே தேர்தல் கூட்டத்துக்கு வருகிறாயாம். நான் அம்மாவின் பச்சைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு மேடையில் உன் பக்கத்தில் உட்கார வேண்டுமாம். பன்னிரண்டு வருஷமாக உன் வீட்டு விருந்துக்குக் கூப்பிடத் தோன்றாத அக்கா, ஐரிஷ்காரன் ஓட்டு ஆட்டம் காணும்போது ஞாபகத்துக்கு வந்துவிட்டாள். பலே! அதுவும் நீயே எழுதவில்லை, சம்பளத்துக்கு ஒருத்தனை வைத்து எழுதுகிறாய்.

சரி, வருகிறேன். அதற்கு முன் ஒரு காரியம் நடக்க வேண்டும்.

சபீனா டியர்னியை மறந்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். கப்பலில் உனக்கு விஷக்காய்ச்சல் கண்டபோது, தன் பங்குத் தண்ணீரை உன் வாயில் ஊற்றிவிட்டு வறண்ட நாக்கோடு உட்கார்ந்திருந்தாளே, அவள்தான். புருஷன் மரம் விழுந்து செத்த பிறகு தனியாகவே அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்கிறாள். வேலி போட்டாள், கிணறு வெட்டினாள், உன் சட்டம் கேட்டதையெல்லாம் செய்தாள். பெரிய ஆட்டுப்பண்ணைக்காரர் பார்ஜிட்டரின் மந்தைக்கும் ஓடைக்கும் நடுவே அவள் நிலம் கிடக்கிறது. அவருக்கு அந்தத் தண்ணீர் மேல் கண். "அந்தம்மா நிலத்தில் குடியிருக்கவில்லை" என்று நில வாரியத்துக்கு மனுப் போட்டுவிட்டார். விசாரணைக்கு நேரில் வா என்று சபீனாவுக்கு ஓலை வந்தது.

அவள் போகவில்லை. ஏன் என்று வாரியத்தில் உட்கார்ந்திருக்கும் துரைமார்களுக்குப் புரியாது. உனக்குப் புரியும். நம் ஊரில் ஒரு குடும்பத்தை வெளியேற்ற வந்தால் சாமானை வீசினாலும் கதவைப் பிடுங்கினாலும் பத்தாது, அடுப்பு நெருப்பை அணைக்கிற வரைக்கும் வீடு குடியிருப்பவனுடையதுதான். அதே நினைப்புதான் இவளுக்கு. விசாரணைக்குப் போய்வர இரண்டு நாள் ஆகும், அதற்குள் பார்ஜிட்டர் ஆட்கள் புகுந்து அணைத்துவிட்டால் எல்லாம் போச்சு என்று பயந்தாள். நான் காவல் இருக்கிறேன், நீ போடி என்று தலைகீழாக நின்று பார்த்தேன். "நீயா? உட்கார்ந்த இடத்திலேயே குறட்டை விடுவே. நெருப்பு அணைஞ்சு பூனை சாம்பல்லே குட்டி போட்டிருக்கும், அப்பவும் உனக்குத் தெரியாது. போடி, போய் உன் மாட்டைக் கற" என்று விரட்டிவிட்டாள். இந்த நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். நெருப்பு எல்லா நாட்டிலும் நெருப்புத்தானே என்கிறாள். அவளிடம் யார் வாதாடுவது!

ஆள் வரவில்லை, நிலம் பறிமுதல் என்று எழுதிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அமீனா வருகிறான்.

அப்பாவின் அடுப்பில் தண்ணீர் ஊற்றியபோது உனக்கு ஏழு வயசு. என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு விம்மினாய். அந்தக் கதையைச் சொல்லித்தானே முதல் தேர்தலில் ஜெயித்தாய்? ஒவ்வொரு தேர்தலுக்கும் அதில் சிப்பாய்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். வந்தவன் பண்ணைக் காரியஸ்தனின் எடுபிடி ஒருத்தன்தான், அவனுக்கும் கால் ஊனம். போகட்டும், கதை உன்னுடையது, எப்படி வேண்டுமானாலும் விற்றுக்கொள். மறுவிசாரணை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடு. அவளை நானே வண்டியில் கட்டித் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

பரிசுத்த மரியாள் உனக்குக் கொஞ்சமாவது வெட்கம் தரட்டும்.

ஒனோரா


யரக்கா ஓடை,
மார்ச் 9, 1874

மாலக்கி,

கனமும் இல்லை, பொருத்தமும் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை அமீனா ஹிக்ஸ் நாலு பேரோடு வந்தான். இங்கிலீஷ்காரன், கெட்டவன் இல்லை, தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினான். கட்டிலைத் தூக்கி வெளியே போட்டார்கள், கதவைக் கழற்றினார்கள், கூரையில் பாதியைப் பிரித்தார்கள். சபீனா அடுப்பு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து டீ கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து வெளியே விட்டால் பின்பக்கமாக உள்ளே வந்துவிடுகிறாள். மூன்றாம் தரம் அவனுக்கே ஒரு கோப்பை டீ கொடுத்தாள். "தம்பி, நீ உன் வேலையைப் பாத்துட்டே. வீடு இன்னும் என்னுதுதான், குடிச்சுட்டுப் போ" என்றாளாம். வயசான பெண்பிள்ளையை விலங்கு போட்டு இழுக்க அவனுக்கு மனசு வரவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டான். நம் ஆட்கள் சுற்றிலும் வண்டிகளை நிறுத்திக்கொண்டு பாட்டும் கும்மாளமுமாக இருந்தார்கள். நானும் ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஹிக்ஸ் திரும்ப வந்தான். கூரையைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் மொண்டான், நேராக உள்ளே போனான், அடுப்பில் கவிழ்த்தான்.

சபீனா எழுந்தாள். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே நடந்து வந்துவிட்டாள். கூடியிருந்தவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வழிவிட்டார்கள். அவ்வளவுதான்.

ஹிக்ஸுக்கே நம்ப முடியவில்லை. என்னிடம் வந்து, "என்னம்மா இது மாயம்? மந்திரி ஆபீஸிலேருந்து பதில் தந்தி வந்தப்போ யாரோ கேலி பண்றாங்கன்னு நினைச்சேன். அடுப்பை அணை, அவளே எழுந்து போவாள்னு இருந்துச்சு. அங்கே மெல்போர்னில் இருக்கிறவங்களுக்கு இது எப்படித் தெரியும்?" என்று கேட்டான்.

எப்படித் தெரியும்! எந்த இங்கிலீஷ்காரனுக்கும் தெரியாத விஷயம் அது. சட்டமும் போலீஸும் கடப்பாரையும் தோற்றுப்போன இடத்தில், நம் வீட்டுத் துக்கத்தை எடுத்துக் கொடுத்து உதவியிருக்கிறாய். நம்மை விரட்டினானே அந்த நொண்டி எடுபிடி, அவன் கூலிக்குச் செய்தான், செய்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். உனக்கு என்னடா குறைச்சல்? பார்ஜிட்டர் வீட்டு ஆட்டுக்கறி அவ்வளவு ருசியா? தூ!

இப்போது கேள். நிலம் இன்னும் பார்ஜிட்டர் பேருக்கு மாறவில்லை, உன் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது என்று ஹிக்ஸ் சொன்னான். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் மறுவிசாரணை உத்தரவு இங்கே வந்தாக வேண்டும். வந்தால் சனிக்கிழமை சால்வையைப் போர்த்திக்கொண்டு மேடையில் பொம்மை மாதிரி உட்காருகிறேன், நீ கும்பிடச் சொன்னால் கும்பிடுகிறேன். வராவிட்டாலும் அதே சால்வையோடு வருவேன். தந்தி யார் கொடுத்தது என்று அத்தனை பேர் முன்னாலும் உன்னையே கேட்பேன். உன் தொண்டை பெரிது, என் தொண்டையும் அப்பாவுடையதுதான்.

ஹிக்ஸையும் என்னையும் தவிர இன்னும் யாருக்கும் தெரியாது. சபீனாவுக்கும் தெரியாது. என் வீட்டில்தான் இருக்கிறாள். சாப்பாடு இறங்கவில்லை, என் அடுப்புப் பக்கமே திரும்புவதில்லை. நான் உன்னைத் திட்டினால் மட்டும் வாயைத் திறக்கிறாள். "புள்ளைக்கு ஆயிரம் வேலை. யாரோ அவனுக்குத் தெரியாம பண்ணியிருக்காங்க. மாலக்கிக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருப்பானா?" என்கிறாள். ராத்திரி ஜெபமாலையில் செத்துப்போன புருஷனுக்காகப் பத்து மணியை உருட்டுகிறாள், உனக்காகப் பத்து மணியை உருட்டுகிறாள். நீ நல்லா இருக்கணும், உன் காலில் முள் குத்தக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு வேண்டுகிறாள். பக்கத்தில் மண்டியிட்டு நான் ஆமென் சொல்ல வேண்டும். மூன்று நாளாக எனக்கு வாய் வரவில்லை.

கையெழுத்துப் போட்டுவிடு, தம்பி. என்னை அந்த ஆமெனைச் சொல்ல விடு.

உன் அக்கா,
ஒனோரா