குடும்பத்தில் யாருக்காவது

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து பாலக்காட்டுக் காற்று. தூறல் போடுவதும் நிற்பதுமாக. துணி காயவில்லை.

மாத்திரை போட்டாயிற்று. பி.பி. 150/90. கணுக்காலில் விரல் வைத்தால் குழி விழுகிறது.

பழைய கிட்னி டாக்டர் வெளியூர் போய்விட்டார். புது டாக்டரிடம் 19ஆம் தேதி, வியாழன், பத்தரை மணி. போனில் அந்தப் பெண்: "ஆரம்பத்துல இருந்து எல்லாப் பேப்பரும் வேணுங்க. தேதிவாரியா அடுக்கிக் கொண்டு வந்துருங்க. பையோட கொட்டுனா டாக்டர் திட்டுவாருங்க."

பதினோரு வருடப் பேப்பர். இருக்கும் இடங்கள்:

பீரோ மேல்தட்டு, ஜவுளிக்கடைப் பை.
மெத்தைக்கு அடியில் ஸ்கேன் படங்கள்.
என் ஸ்கூல் பையில் மூன்று மாத லேப் ரிசல்ட்.
அரிசி டிரம்முக்குப் பின்னால் இன்னொரு பை. (அங்கே எப்படிப் போனது?)

சத்துணவுக் கூடத்தில் ஒரு முட்டை உடைந்தால்கூடப் பதிவேட்டில் ஏற்றுகிற அமைப்பாளர் நான். என் பதிவேட்டைத்தான் மற்றப் பள்ளிகளுக்கு எடுத்துக் காட்டுவார்கள். என் உடம்புக்கு ஒரு பதிவேடு இல்லை. வெட்கக்கேடு.

ஜூன் 10, செவ்வாய்

ஸ்கூலிலிருந்து வந்து மூன்று மணி நேரம். ரத்தம், யூரின், ஸ்கேன், டாக்டர் சீட்டு என்று நான்கு குவியல் போட்டேன். பிறகுதான் ஞாபகம், கேட்டது தேதிவாரியாக. கலைத்து மறுபடி.

லேப்காரர்கள் கணக்குப்படி நான் மல்லிகா, மல்லிகாதேவி, மாலிகா. ஒரு ரிப்போர்ட்டில் மல்லிகா, ஆண். வயது வரிசையாக 38, 41, 40, 45, 43. நோய்தான் கூடியிருக்கிறது, வயது ஏறி இறங்கியிருக்கிறது.

இ.சி.ஜி. தாள்கள் வெறும் வெள்ளையாகிவிட்டன. என் நெஞ்சு துடித்ததற்கு அத்தாட்சி இல்லை.

பக்கத்து ஷெட்டில் தறி ஓடும்போது கட்டிலில் பரப்பிய தாள்கள் மெல்ல நகர்கின்றன. எங்களுடைய ஆறு விசைத்தறி, கூலிக்கு நெசவு. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, "ஏம்புள்ள, பரீட்சைக்கா படிக்கறே?" என்றார். சிரித்தேன். தலைசுற்றல். படுத்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

நாத்தனார் வந்தார், அவருடைய அக்கா. மகள் நித்யாவுக்குப் பார்த்த பல்லடத்து வரன் ஜாதகம் பொருந்திவிட்டதாம். பத்துக்கு எட்டு. 22ஆம் தேதி ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். பையன் சொந்தமாக லேத் வைத்திருக்கிறான். நித்யாவுக்கும் போட்டோ பிடித்திருக்கிறது. போனில் கேட்டால், "பரவால்லம்மா" என்கிறாள். அவள் பரவாயில்லை என்றால் பிடித்திருக்கிறது என்று பொருள்.

அக்கா கட்டிலைப் பார்த்தார். "ஏன் அம்மணி, இந்தக் கடைய எதுக்கு நடு ஊட்டுல பரப்பி வெச்சிருக்கறே? அவங்க வாரப்போ இதெல்லாம் கண்ணுல படக்கூடாது பாத்துக்க."

"மறைக்கறதுக்கு என்னங்க்கா இருக்குது?"

"மறைக்கச் சொல்லல சாமி. எடுத்துக் காட்ட வேண்டாம்னு சொல்றேன். உனக்கு உப்புத் தின்னு வந்த சீக்கு. அதுக்குப் புள்ள என்ன பண்ணும்?"

கட்டிலில் கிடந்த ஸ்கேன் படங்களைக் கவரில் போட்டேன்.

அக்கா கெட்டவர் இல்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான்கு நாள் உப்பில்லாமல் சமைத்துத் தூக்குப்போசியில் கொண்டுவந்தவர். பஸ் ஏறப் போனவர் பாதி வழியில் திரும்பி வந்தார். ஜாதகக் கவர் என்று நினைத்துக் கையில் எடுத்துப் போயிருந்தது என் ஸ்கேன் கவர். இரண்டும் ஒரே மாதிரி மஞ்சள் பிளாஸ்டிக். "நல்லவேளை, அவங்க கையில குடுத்திருப்பேன்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 13, வெள்ளி

அரிசி டிரம்முக்குப் பின்னால் அந்தப் பை எப்படிப் போனது என்று திங்களன்று எழுதியிருக்கிறேன். இந்த நோட்டிலும் பொய்யா? நானேதான் வைத்தேன். பிரித்தேன். தாள் இருக்கிறது.

முதன்முதல் டாக்டரிடம் போனபோது நிரப்பிய படிவம். முன்பக்கம் என் கையெழுத்து. "குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரக நோய்?" இல்லை. "தந்தை இறந்த காரணம்?" மரத்திலிருந்து விழுந்து. குண்டு குண்டாக, அழகாக எழுதியிருக்கிறேன்.

அப்பா மரத்திலிருந்து விழவில்லை.

இதை எங்கேயும் எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன். பொள்ளாச்சிப் பக்கம் தோப்புகளில் தேங்காய் போடுகிற வேலை அவருக்கு. 43 வயதில் மரம் ஏற முடியாமல் போனது. காலையில் முகம் ஊதியிருக்கும். கால் வீங்கிச் செருப்பு நுழையாது. தின்றதெல்லாம் வாந்தி. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் சொன்னது: "ரெண்டு கிட்னியும் கட்டி கட்டியா இருக்குதுங்கம்மா." இரண்டு மாதம். எனக்கு அப்போது பதினைந்து.

எனக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது தரகர், சீக்கில் போனார் என்றால் யோசிப்பார்கள் என்றார். அம்மா அன்றே முடிவு செய்தாள், விழுந்துவிட்டார் என்று. மரமேறி விழுந்தால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. இவருக்கும் அக்காவுக்கும் இன்றுவரை அதுதான் தெரியும். சொல்லிச் சொல்லி அப்பா விழுவது எனக்கே கண்ணில் நிற்கிறது. மட்டை சரசரப்பதுகூடக் கேட்கிறது.

படிவம் எழுதிய அன்று பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தார். அதனால்தான் என்று இத்தனை நாளும் எனக்கே சமாதானம்.

தாளின் பின்பக்கம், ஸ்கேன் வந்த பிறகு டாக்டர் இங்கிலீஷில் எழுதியது, ஒரே வரி. அதையே, அக்கா மாத்திரை வாங்கப் போன நேரத்தில் வாயாலும் சொன்னார். "பொண்ணு எத்தனாவது படிக்குதுங்க? பதினெட்டு வயசாகட்டும், ஒரு ஸ்கேன் எடுத்துருங்க. இது வழிவழியா வாரது. தாய்க்கு இருந்தா புள்ளைக்கு வர்றதுக்குப் பாதிக்குப் பாதி."

சரிங்க என்றேன். அப்போது அவளுக்குப் பதின்மூன்று.

பதினெட்டில் பிளஸ் டூ. பிறகு காலேஜ். பிறகு செமஸ்டர். பிறகு வேலை புதுசு. இப்போது கல்யாணம். அவளுக்கு 24.

ஜூன் 14, சனி

நி. வந்துவிட்டாள். பெருந்துறை எஸ்டேட்டில் மசாலா கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற வேலை, ஹாஸ்டல் வாசம், சனிக்கிழமை மட்டும் வீடு. வந்ததும் ஃபைலில் கை வைத்தாள். எல்லாத் தாளையும் போனில் படம் எடுத்து, கிரியாட்டினினை வருடவாரியாக அட்டவணை போட்டாள். 1.2இல் ஆரம்பித்து 3.6. கோடு போட்டுக் காட்டினாள். ஏறுகிற கோடு. அது ஏற ஏறக் கிட்னி கெடுகிறது என்று அர்த்தம்.

"அம்மா, ஒரு பேப்பர் குறையுது. மொதல்ல ஸ்கேன் இருக்குது. சும்மாவா ஸ்கேன் எழுதுவாங்க? அதுக்கு முந்தி ஒரு டாக்டர் சீட்டு இருந்திருக்கோணும்."

கெட்டிக்காரி. தரம் பார்க்கிறவள்.

"எங்கயாச்சும் தொலஞ்சிருக்கும் கண்ணு."

அந்தத் தாள் முட்டைப் பதிவேட்டுக்குள், என் தோள்பையில், அவளிடமிருந்து இரண்டடி தூரத்தில்.

மாலையில் தலைவலி என்றாள். ஒரு வாரமாக இருக்கிறதாம். விளையாட்டுபோல என் பி.பி. மிஷின் பட்டையை அவள் கையில் சுற்றினேன். 142/92. அவள் சிரித்து, "மிஷின் பழசாயிருச்சும்மா" என்றாள். அந்த மிஷினில்தான் நான் தினமும் பார்க்கிறேன். அது சரியாகத்தான் இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

மூன்று முறை வாயெடுத்தேன். வெங்காயம் உரிக்கும்போது. தலை பின்னும்போது. பஸ் நிறுத்தத்தில். மூன்றாவது முறை பஸ்ஸே வந்துவிட்டது.

ஜூன் 16, திங்கள்

மாதாந்திர கரண்ட் நிறுத்தம். தறி நின்றுவிட்டது. ஷெட்டுக்குப் போனேன். அவர் அறுந்த நூல்களை முடிந்துகொண்டிருந்தார்.

"எங்கப்பா மரத்துல இருந்து உழுகலீங்க."

நிமிர்ந்து பார்த்தார். முழுவதும் சொன்னேன். நின்றுகொண்டே.

"இருபத்தேழு வருசமாவா?" என்றார். பிறகு, "உன்னக் கட்டும்போதே தெரிஞ்சிருந்தா…"

நிறுத்திவிட்டார். ஒரு நூல் முடிந்தார். இன்னொன்று. கட்டியிருக்க மாட்டேன் என்று சொல்லப் போகிறார் என்று நின்றேன். சொன்னால் சொல்லட்டும், நியாயம்தான் என்றும் நினைத்தேன்.

"தெரிஞ்சிருந்தா வெள்ளனாவே காட்டியிருக்கலாமில்ல. இப்படி முத்த உட்டுப்போட்டமே."

அழுகை வந்துவிட்டது. "நித்யாவுக்கு அதைத்தானுங்க சொல்றேன். வெள்ளனா."

அதுவரை அவர் அவளை நினைக்கவேயில்லை. முகத்தில் தெரிந்தது. முடிந்துகொண்டிருந்த நூல் கையிலேயே நின்றது.

"ஞாயித்துக்கெழமை அவங்க வந்துட்டுப் போயிரட்டும். அப்பறம் பாக்கலாம்."

"எங்கம்மாளும் அப்படித்தானுங்க நெனச்சா."

கரண்ட் வந்துவிட்டது. ஆறு தறியும் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. வந்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

அவர் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். அரிப்பு அதிகம், முதுகெல்லாம். ஸ்கூலில் ஆயா கேட்டார், "ஏனுங் டீச்சர், மொகமெல்லாம் ஊதியிருக்குது?" தூக்கம் இல்லை என்றேன். இதுவும் பொய்.

ஜூன் 18, புதன்

ஃபைல் முடிந்தது. ஓட்டை போட்டு டேக் கோத்தேன். 62 தாள். முன்னால் நி. எழுதித் தந்த ஒரு பக்கச் சுருக்கம். மாத்திரைப் பெயர்கள், ஒத்துக்கொள்ளாத ஊசி ஒன்று. சாப்பிடக் கூடாதவை: வாழைப்பழம், இளநீர், கருவாடு. தென்னந்தோப்பில் பிறந்தவளுக்கு இளநீர் கூடாது.

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்தத் தாள் எங்க?"

முட்டைப் பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பினார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த ஒரு வரியை வெகுநேரம் பார்த்தார். டேக்கை அவிழ்த்து, சுருக்கத்துக்கு அடியில், மற்ற எல்லாவற்றுக்கும் முதலாக வைத்துக் கோத்தார்.

"தேதிவாரியான்னுதானே சொன்னாங்க" என்றார்.

63 தாள்.

நித்யாவை லீவு போட்டு வரச் சொல்லிவிட்டாராம். அவர் டாக்டரிடம் வரவில்லை. தறி இருக்கிறதாம். தறி ஒரு நாள் நின்றால் ஒன்றும் ஆகாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். போகட்டும்.

ஜூன் 19, வியாழன்

டோக்கன் 14. ஹாலில் கூட்டம். நி. ஃபைலை மடியில் வைத்துப் பிரித்தாள். முதல் தாள். படித்தாள். திருப்பினாள். பின்பக்கம் ஒரு வரிதான். அதைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"இது உன்ற எழுத்துதானம்மா?"

"ஆமா கண்ணு."

சுவரில் தொங்கிய டி.வி.யைப் பார்த்தாள். அதில் சத்தம் வைக்கவில்லை.

டாக்டர் இளம்வயது. ஃபைலைப் புரட்டி, "இவ்வளவு ஒழுங்கா யாரும் கொண்டு வந்ததில்லீங்க" என்றார். அப்படியே, "குடும்பத்துல யாருக்காவது இருந்துதுங்களா? இதுல இல்லைன்னு போட்டிருக்கு."

"இருந்துதுங்க. எங்கப்பாவுக்கு. இதுலதான் செத்தாரு. அதுல பொய் எழுதியிருக்கறேன்."

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை, நி.யைப் பார்த்தார். "நீங்க ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?" இல்லை என்று தலையசைத்தாள். பி.பி. பார்த்தார். பழைய மிஷின் சொன்னதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நோய் இருந்தாலும் இந்த வயதில் கண்டுபிடித்தால் பி.பி.யை அடக்கிப் பல வருடம் தள்ளலாம் என்றார். பல வருடம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு: கிரியாட்டினின் 3.9. இடது கையில் இனி ஊசி கூடாது. டயாலிசிஸுக்கு அந்தக் கை நரம்பைத் தயார் செய்யணும், மூன்று மாதத்துக்குள். சரிங்க என்றேன். என்னைப் பற்றி அவர் சொன்னது எதுவும் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

பஸ் சூலூர் தாண்டியது. நி. ஜன்னலைப் பார்த்தபடி: "அப்பிச்சி மரமே ஏறலியாம்மா?"

"ஏறுனாரு கண்ணு. நல்லா ஏறுவாரு. உழுகல."

இன்னும் கொஞ்ச தூரம்.

"ஆறு வருசம்மா."

அவ்வளவுதான் சொன்னாள். பதினெட்டிலிருந்து இருபத்துநான்கு வரை. இடது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

ஸ்கேன் சென்டர். இந்த நோட்டைக் கொண்டு வந்திருக்கிறேன், வீட்டில் வைத்துவிட்டு வரப் பயம். வெயில், காற்று. மழை விட்டுவிட்டது.

காலையில் அக்கா போன். "ரெண்டு நாள்ல அவங்க வாராங்க, இப்பப் போயி என்ன ஸ்கேனு? ஊரு முழுக்கத் தெரியறதுக்கா?" அவர் போனை என் கையிலிருந்து வாங்கினார். "அக்கா, பல்லடத்துக்காரங்ககிட்ட நானே பேசிக்கறேன். உள்ளதச் சொல்லிப்போடறேன். அப்பறமும் வாரதுன்னா வரட்டும்." வைத்துவிட்டார்.

நி. தலை சீவிக்கொண்டிருந்தாள். அந்தப் பையனின் போட்டோ அவள் போனில் இருக்கிறது, எனக்குத் தெரியும்.

இங்கே ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். குடித்துவிட்டாள். படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது எழுதினாள். நான்காவது கேள்விக்கு வந்ததும் நிறுத்தி, அட்டையோடு என் மடியில் வைத்தாள்.

"நீயே எழுதும்மா."

கோபமா, வேறா என்று தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பேனாவை வாங்கினேன்.

குடும்பத்தில் யாருக்காவது? ஆம். தாய். தாயின் தந்தை.

விவரம் என்று ஒரு கோடு இருந்தது. அப்பா பெயர் எழுதினேன். 43 வயது. காரணம்: சிறுநீரகம். அப்பா செத்தது சரியாக எழுதப்பட்டது இன்றுதான்.

கூப்பிட்டுவிட்டார்கள். செருப்பைக் கழற்றி என் காலுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டு உள்ளே போயிருக்கிறாள். மணி 9.40.