ஐந்தாம் கம்பியின் இரைச்சல்

கூடத்துச் சுவரிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும் என் சரசு அக்காவுக்கு,

எதை எழுத உட்கார்ந்தாலும் முதலில் தலைப்புகளைப் போட்டுக்கொள்வேன் என்று நீங்கள் கேலி செய்வீர்கள். இதற்கும் போட்டிருக்கிறேன். இல்லாவிட்டால் சொல்ல வந்ததைச் சுற்றிச் சுற்றி வந்து சொல்லாமலே முடித்துவிடுவேன்.

1. புதிய கித்தார் ஒன்று வாங்கியிருக்கிறேன்.
2. உங்கள் பழைய கித்தாருக்கு என்ன ஆயிற்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.
3. புதிய கித்தாரில் ஓர் இரைச்சல் இருக்கிறது. நம் வீட்டுக் காற்று அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கெட்டுப்போவதற்கு முன் சனிக்கிழமை கடையில் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன்.
4. ஆகையால் ஞாயிற்றுக்கிழமை உங்கள் முதலாண்டுத் திதியில் நான் வாசிக்கப் போவதில்லை. மன்னிக்க வேண்டும்.

இது செவ்வாய்க்கிழமை காலையில் போட்ட பட்டியல். இன்று வெள்ளி. நடுவில் சில விஷயங்கள் நடந்துவிட்டன. பட்டியலை அடித்துத் திருத்தலாமா என்று யோசித்து, அப்படியே விட்டுவிட்டேன்.

போன சனிக்கிழமை ஸ்ரீ கெம்பாங்கானில் உள்ள ஒரு கடைக்குப் போனேன். வாசலை இரண்டு முறை கடந்து போனேன். எதிரே ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்து எழுந்தேன். மூன்றாம் முறைதான் உள்ளே நுழைந்தேன். எழுபத்தோரு வயதில் ஒருவன் கித்தார் கடைக்குள் நுழைவதற்கு என்ன முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

கடையில் இருந்தது நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். நம் தமிழ்ப் பெண்தான்.

"வாங்க அங்கிள். யாருக்குப் பாக்குறீங்க, பேரப்பிள்ளைக்கா?"

"வீட்டுக்கு."

"வீட்டுல யாரு வாசிப்பாங்க?"

"அக்கா."

"அப்ப அக்காவையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே லா. கித்தார் கழுத்து அவங்க கைக்கு அடங்குதான்னு பாக்கணுமே."

"அவங்க கை எனக்குத் தெரியும்" என்றேன். நான் சொன்னது பொய்யா இல்லையா என்று பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

கித்தாரைப் பற்றிச் சொல்கிறேன். முகப்புப் பலகை வெளிர் மஞ்சள், உரித்த பலாச்சுளையின் உட்புறம் போல. பின்பக்கம் கருஞ்சிவப்பு. உங்களுடையது பழைய அலமாரி வாசனை அடிக்கும். இது வார்னிஷும் பசையுமாகப் பள்ளிக்கூடத்துப் புது மேசை வாசனை அடிக்கிறது. மடியில் வைத்தால் விலா எலும்பில் இடிக்கிறது, இன்னும் பழகாத விருந்தாளி மாதிரி. கம்பிகள் பளபளக்கின்றன. பத்து நிமிடம் அழுத்தினால் விரல்நுனியில் ஊதாக் கோடு விழுகிறது. இத்தனை வருடம் உங்கள் விரல்நுனி ஏன் அவ்வளவு காய்த்துக் கிடந்தது என்று இப்போதுதான் என் விரலுக்குப் புரிந்தது.

வட்டத் துளைக்குப் பக்கத்தில் கீறல் படாமலிருக்க ஒரு கறுப்புத் தகடு. அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டியிருக்கிறது. அதை நான் உரிக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம், உரித்தால் முடியாது என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். ரசீதை உறைக்குள் போட்டு, உறையைக் கித்தார் பையின் முன்பக்கத்தில் செருகி வைத்தேன். எதையும் திரும்ப எடுத்துக்கொள்ள வழி இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் இசைக்கவையை எடுத்தேன். அதைத் தட்டிக் காதில் வைத்து, முதலில் ஐந்தாம் கம்பி, பிறகு மற்றவை. நம் வீட்டில் எப்போதும் நடந்தது அதுதானே? நான் சுருதி சேர்ப்பேன், நீங்கள் வாசிப்பீர்கள். கிள்ளானில் நீங்கள் ஆசிரியையாக இருந்த நாளிலும், அத்தான் தவறிய பின் என்னோடு வந்து இருந்த நாளிலும், ஐம்பது வருடத்தில் அந்த ஏற்பாடு மாறவே இல்லை. ஆறு கம்பியையும் சரிசெய்து முடித்து, பழக்க தோஷத்தில் கித்தாரை எதிர் நாற்காலிப் பக்கம் நீட்டிவிட்டேன். நீட்டிய கையை எப்படி மடக்குவது என்று தெரியாமல் சற்று நேரம் அப்படியே இருந்தேன்.

பிறகு நானே மடியில் வைத்து ஐந்தாம் கம்பியை மீட்டினேன். இர்ர்ர் என்று ஓர் இரைச்சல். கண்ணாடிப் புட்டிக்குள் மாட்டிக்கொண்ட ஈயைப் போல.

எழுந்து போனேன். தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து மீட்டினேன். இர்ர்ர்.

இனி இரண்டாவது குறிப்பு. இதை நேரில் சொல்வதாக இருந்தால் சொல்லியிருக்கவே மாட்டேன்.

நீங்கள் மறைந்த வாரமே உங்கள் கித்தாரைப் பத்திரப்படுத்தினேன். நான் எப்படிப் பத்திரப்படுத்துவேன்? நில அலுவலகத்தின் ஆவணக் கிடங்கில் முப்பத்திரண்டு வருடம் பத்திரங்களைப் பூச்சியிடமிருந்தும் ஈரத்திடமிருந்தும் காத்தவன். கனமான பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்று சுற்றினேன். வாயைச் சூடு வைத்து ஒட்டினேன். பெயரும் தேதியும் எழுதிய சீட்டை ஒட்டி, அலமாரியின் உச்சியில் வைத்தேன். கம்பிகளைத் தளர்த்தவில்லை. நீங்கள் கடைசியாகத் தொட்ட சுருதி கலைந்துவிடக் கூடாது என்று நினைத்தேன், அக்கா. தைப்பூசத்துக்கு முந்தின நாள் நாற்காலியில் ஏறிப் பார்த்தபோது, கம்பிகளைப் பிடித்திருக்கும் அடிக்கட்டை பிய்ந்து கிடந்தது. பலகை வயிறு மாதிரி உப்பியிருந்தது. உள்ளே பூஞ்சை.

மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு மாடியில் பழுது பார்க்கும் பெரியவரிடம் எடுத்துப் போனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பத்திரத்த இப்படி வைக்கலாம், அண்ணே. இது மூச்சு விடுற சாமான்" என்றார். நான் என்ன வேலை பார்த்தவன் என்று அவரிடம் சொல்லவே இல்லை. எப்படிக் கண்டுபிடித்தார்? சீட்டைப் பார்த்திருப்பார்.

உங்கள் மகள் சுதாவிடமும் சொல்லவில்லை. திதிக்கு அம்மாவின் கித்தாரில் மாமா வாசிப்பார் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். கடைசி வாரத்தில் நீங்கள் கேட்டதும் நான் ஒப்புக்கொண்டதும் அவள் முன்னால்தானே நடந்தது? சுருதி சேர்த்து நீட்டினேன். நீங்கள் வாங்கவில்லை.

"இன்னைக்கு நீ வாசிடா."

"நாளைக்கு வாசிக்கிறேங்க்கா."

"உனக்கு எப்பப் பாத்தாலும் நாளைக்குதான். சரி, என் திதிக்காவது வாசி. அன்னைக்கு நான் குறை சொல்ல மாட்டேன்."

"சரிக்கா" என்றேன். அதற்குப் பிறகு வந்த நாளைக்குகளை நான் எண்ணவில்லை.

உங்கள் மெட்டு எனக்குத் தெரியும். கிள்ளான் வீட்டில் மழை பிடித்துக்கொண்ட மாலைகளில் நீங்களாக உண்டாக்கிய மெட்டு. மூன்றே பிடிகள்தான். நீங்கள் கோர்ட்ஸ் என்பீர்கள், நான் பிடி என்பேன். பார்த்துப் பார்த்தே விரலுக்குப் பாடமாகிவிட்டது. ஆனால் மூன்று பிடிகளில் இரண்டில் ஐந்தாம் கம்பி வருகிறது. அது வந்தால் இரைச்சலும் வருகிறது.

நான் சும்மா இருக்கவில்லை. கட்டம் போட்டு எழுதினேன். ஆறு கம்பிகள், கழுத்திலுள்ள உலோகக் கோடு ஒவ்வொன்றாக. காலை, மதியம், சாயங்காலம். காற்றாடி ஓடும்போது, ஓடாதபோது. சன்னல் திறந்து, மூடி. மழை பெய்யும்போதும் பார்த்தேன். ஒரு சோதனையில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்பது முறை. கடையில் குளிர்சாதனம், காய்ந்த காற்று. அங்கே இரைச்சல் இல்லை. இங்கே ஈரம், இரைச்சல் உண்டு. ஆகவே மரம் உப்பத் தொடங்கிவிட்டது. இதுதான் மூன்றாவது குறிப்பு.

புதன்கிழமை கடைக்குத் தொலைபேசி போட்டு அந்தப் பெண்ணிடம் இரைச்சலைச் சொன்னேன்.

"அங்கிள், அந்தப் பிளாஸ்டிக்க உரிச்சிட்டீங்களா? சமயத்துல அதுவே சத்தம் போடும்."

"கடையிலயும் அது ஒட்டித்தானே இருந்துச்சு? அங்க சத்தம் இல்லையே."

"அதுவும் சரிதான். அக்கா என்ன சொல்றாங்க?"

"அவங்க ஒண்ணும் சொல்லல" என்று வைத்துவிட்டேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இரைச்சல் தொந்தரவாக இருந்தது. அதைவிட, ஆறுதலாக இருந்தது. இன்னொன்று என் கையில் கெடுவதற்கு முன் திருப்பிக் கொடுத்துவிட்டால், வாசிக்காமல் போனது என் குற்றமல்ல என்று ஆகிவிடும் அல்லவா? ஆனாலும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பையில் வைத்து மூடுவேன், கூடத்தைச் சுற்றி வருவேன், மறுபடி திறப்பேன். மூச்சு விடுகிறதா என்று பார்ப்பேன்.

நேற்று வியாழக்கிழமை மதியம் கித்தாரை எடுத்து உங்கள் மெட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துப் பார்த்தேன். திருப்பிக் கொடுக்கப் போகிற பொருள்தானே என்ற தைரியம். முடித்துத் தலை நிமிர்ந்தால் சுதா நிற்கிறாள். கிள்ளானிலிருந்து ரயிலில் வந்து, தன்னிடமுள்ள சாவியால் கதவைத் திறந்து, கையில் பைகளோடு அப்படியே நின்றிருக்கிறாள்.

"புதுசா இருக்கே, மாமா. யாருது?"

"சும்மா பாக்குறதுக்கு எடுத்துட்டு வந்தேன்."

"பாக்குறதுக்கா? என்ன, பொண்ணா பாக்குறீங்க?"

நான் கித்தாரைக் கீழே வைத்தேன். "சுதா, உங்கம்மாவோட கித்தாரு... அலமாரி மேல வச்சிருந்தேன்..."

"தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"கட்டை பிஞ்சு போச்சு. தீபாவளிக்கு ஒட்டடை அடிக்க மேல ஏறுனது யாரு? நான்தானே."

"தீபாவளிக்கா? நான் தைப்பூசத்துக்குத்தானே பாத்தேன்."

"நீங்க பாக்கலன்னு நான் சொல்லாம இருந்தேன். நீங்க பாத்துட்டும் சொல்லாம இருந்திருக்கீங்க. நல்லா இருக்கு லா நம்ம குடும்பம்." சிரித்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு பைகளைச் சமையலறையில் வைக்கப் போனாள். வரச் சற்று நேரமாயிற்று.

வந்து, உங்கள் படத்துக்குக் கீழே இருக்கும் சோபாவில் உட்கார்ந்தாள். நான் இரைச்சலைப் பற்றியும் ஈரத்தைப் பற்றியும் சொல்லி, கட்டம் போட்ட தாளைக் காட்டினேன். அவள் தாளைப் பார்க்கவே இல்லை.

"அந்தத் தடிச்ச கம்பிய இன்னொரு தரம் அடிங்க."

மீட்டினேன். இர்ர்ர்.

"மாமா, சத்தம் கித்தார்லேர்ந்து வரல."

"பின்ன?"

"அம்மாகிட்டேர்ந்து வருது."

அவள் எழுந்து உங்கள் படத்தின் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். "இப்ப அடிங்க." மீட்டினேன். சுத்தமான நாதம். கையை எடுத்தாள். இர்ர்ர்.

"குறை சொல்ல மாட்டேன்னு சொன்னாங்கல்ல? பாருங்க, ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க."

படத்தைக் கழற்றித் திருப்பினோம். பின்பலகையைப் பிடிக்க நான்கு கொக்கிகள். மூன்று மூடியிருந்தன, ஒன்று திறந்திருந்தது. நான்தான். உங்கள் பெயரும் பிறந்த தேதியும் மறைந்த தேதியும் எழுதிய சீட்டை உள்ளே வைக்க ஒரு நாள் திறந்தேன். நான்காவது கொக்கியை மூட மறந்திருக்கிறேன். தளர்ந்த கண்ணாடி, ஐந்தாம் கம்பி அதிரும்போதெல்லாம் சேர்ந்து அதிர்ந்திருக்கிறது.

ஐந்து நாள் சோதனையில் எல்லாவற்றையும் மாற்றினேன். நாற்காலியை மட்டும் மாற்றவில்லை. வேறு அறையில் ஒரே ஒரு முறை வாசித்திருந்தால் தெரிந்திருக்கும். ஏன் மாற்றவில்லை? உங்களுக்கு எதிரே உட்காராமல் அதைக் கையில் எடுக்க எனக்குத் தோன்றவே இல்லை.

கொக்கியை மூடவா வேண்டாமா என்று சுதா கேட்டாள். இருக்கட்டும், அம்மா கூடவே பாடுவதாக வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். நான் மூடிவிட்டேன். உங்கள் அதிர்வுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்வேன் என்று எனக்குத் தெரியும். கொக்கியை மூடிய பிறகு கேட்டது என் சத்தம் மட்டும்தான். மூன்றாவது பிடிக்கு விரல் மாறும்போது தடுக்குகிறது. அதற்குப் பிரிக்பீல்ட்ஸ் காற்று என்ன செய்யும்?

உங்கள் பழைய கித்தாரைச் சுதா கிள்ளானுக்கு எடுத்துப் போகிறாள். பிளாஸ்டிக்கை அவிழ்த்துவிட்டேன். சீட்டை மட்டும் கித்தாரோடு விட்டுவைக்கச் சொன்னாள்.

இன்று காலை கறுப்புத் தகட்டின்மேல் இருந்த பிளாஸ்டிக்கின் ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். பாதியில் நிறுத்தி, எழுந்து, இரண்டு முறை கூடத்தைச் சுற்றி வந்தேன். பிறகு முழுவதும் உரித்துவிட்டேன். கடை இனி இதை வாங்காது.

ஞாயிற்றுக்கிழமை படையல் முடிந்ததும், இலை போடுவதற்கு முன், வாசிப்பேன். தடுக்கினால் தடுக்கட்டும், நிறுத்தமாட்டேன். நான்காவது குறிப்பை அடித்துவிடுங்கள். அது மூன்றாவதை நம்பி எழுதியது. மூன்றாவது குறிப்பு தவறு, அக்கா. கித்தாரில் ஒரு குறையும் இல்லை.

சுருதி சேர்த்து முடித்து, இந்த முறை யாரிடமும் நீட்டாமல் மடியிலேயே வைத்திருக்கும்
உங்கள் தம்பி