ஐந்து மாதம் மூத்தவளுக்கு

அக்கா,

உன் மகளுக்காக நான் எழுதிப்போட்ட வாரிசுச் சான்றிதழுக்கு உன் ஆதார் நகல் வேண்டுமாம். உன் பீரோவிலிருந்து அந்தப் பச்சை ஃபைலை எடுத்துத் திறந்ததும் சுக்கும் மிளகும் திப்பிலியும் குப்பென்று மணந்தன. விசா காகிதங்களையும் செலவு மருந்து டப்பாவையும் நீ ஒரே பையில் வைத்திருந்தாய். பிள்ளை பெற்றவளுக்கு ரசம் வைத்துக் கொடுக்கிற அந்த மருந்து தீர்ந்து நான்கு வருடமாகிறது. காகிதத்தை விட்டு வாசனை போகவில்லை. நீ போய் மூன்று மாதம்.

கிராம நிர்வாக அலுவலர் நம் இருவர் ஆதாரையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். "ஏனுங்க, அக்காங்கறீங்க, அஞ்சு மாசந்தான் மூப்புன்னு இருக்குதுங்களே?" என்றார். வேறு நாளாயிருந்தால் அரை மணி நேரம் அவரை உட்கார வைத்துக் கதை விட்டிருப்பேன். என் வாய்தான் உனக்குத் தெரியுமே. அன்றைக்கு "பள்ளிக்கூடத்துல எழுதுனதுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த ஐந்து மாதத்துக்குக் காரணமே நீதான். மூன்று வயது மூத்தவளான உன்னை, என்னை இடுப்பில் சுமக்க ஆள் வேண்டுமென்று அப்பா பள்ளிக்கு அனுப்பவில்லை. கடைசியில் இருவரையும் ஒரே நாளில் கொண்டுபோய்ச் சேர்த்தார். தலைக்கு மேல் கையைப் போட்டு மறுபக்கத்துக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்பது வாத்தியாரின் கணக்கு. எனக்கு நாலரைதான். விரல் காதுக்கு ஓர் அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டது. வாத்தியார் பேனாவுக்கு மை ஊற்றக் குனிந்தார். பின்னால் நின்ற நீ என் முழங்கையைப் பிடித்து ஓர் அமுக்கு அமுக்கினாய். "தொட்டுட்டானுங்க சார்!"

ஒரே வகுப்பென்றால் ஒரே வயது என்று அவர் உனக்கு ஜனவரியும் எனக்கு ஜூனும் எழுதிக்கொண்டார். கூட வந்திருந்த அம்மா சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

"அஞ்சு மாசந்தான பெரியவ, வாடி போடின்னு கூப்புடலாமா?" என்று உன்னைச் சீண்டாத பொங்கல் உண்டா? "கூப்புட்டுப் பாரு, வாயிலயே போடறேன்" என்பாய். நாற்பது வருடம் அது வெறும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

கனடாவில் உன் மகளுக்கு ஐப்பசியில் பிரசவம் என்று நாள் சொன்னார்கள். ஆடியிலேயே சூரமங்கலத்து விசா ஏஜெண்டிடம் போனோம். தலைக்கு ஒரு கறுப்பு, மீசைக்கு வேறொரு கறுப்பு பூசியவர். சுவரெல்லாம் வெளிநாட்டுப் படம். ஆள் போன தூரம் ஏற்காடுதான் என்று அவருடைய டைப்பிஸ்டே என் காதைக் கடித்தாள். "அக்காவுக்கு மட்டும் போட்டா சுளுவா வந்துருமுங்க" என்றார். நான் விட்டேனா? "அக்கா சேலம் ஜங்ஷன்லயே பிளாட்பாரம் மாறிப் போயிருமுங்க. நானும் கூடப் போறேன்" என்றேன். நீ நம்பினாய். பனியில் நின்று படம் எடுத்து நான் வேலை பார்க்கிற லாரி புக்கிங் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதை உன்னிடம் கடைசிவரை சொல்லவில்லை. விசாவுக்கு முன்னாலேயே கோட்டு வாங்கிவிட்டவன் நான்.

இரண்டு விண்ணப்பமும் ஒன்றாகப் போயிற்று. ஒரே தாய், ஐந்து மாத இடைவெளியில் இரண்டு பிள்ளைகள், விளக்கம் தரவும் என்று விசா ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது.

ஏஜெண்ட் அசரவில்லை. "அப்பாவுக்கு ரெண்டு சம்சாரம்னு ஒரு அபிடவிட் போட்ருவமுங்க. நாளைக்கே அனுப்பிரலாம்."

"எங்கம்மா செத்துப் பதினஞ்சு வருசமாச்சு. இப்ப அவளுக்கு ஒரு சக்களத்தியக் கொண்டாந்து விடறீங்களா?" என்று கேட்டாய்.

"காயிதத்துலதானக்கா" என்றேன் நான். அப்படிச் சொன்ன வாயும் இதே வாய்தான்.

நீ திரும்பிப் பார்த்தாய். "ஒரே வவுத்துல பொறந்தோம் சாமி. அதைய மாத்தி எழுதிக் குடுத்துப்போட்டுத்தான் எம் பேத்தியப் பாக்கோணுமா?"

பிறகு தாலுகா ஆபீஸுக்கு நடந்தோம். பழைய பிறப்புப் பதிவேட்டில் நமக்குப் பெயர்கூட இல்லை. ‘பெண் குழந்தை’ என்று ஒரு வரி, மூன்று வருடம் தள்ளி ‘ஆண் குழந்தை’ என்று ஒரு வரி, இரண்டுக்கும் நேராக அம்மா பெயர். அந்த இரண்டு வரிகளைத் தேடி எடுத்துச் சான்று வாங்குவதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது. வீட்டில் நீ மருந்தை இடித்து, சலித்து, டப்பாவில் அடைத்து வைத்திருந்தாய்.

சான்று அனுப்பிய வாரத்தில் பேத்தி பிறந்தாள், ஆபரேஷன் செய்து. போனில் உன் மகள் "அம்மா, நீ எங்கம்மா இருக்கற?" என்று அழுதாள். "வாரேன் கண்ணு, வாரேன்" என்றாய். அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். விசா இருவருக்கும் வந்தது. நாம் போய் இறங்கியபோது குழந்தைக்கு இரண்டு மாதம். அப்போதும் நீ ரசம் வைத்தாய். உன் மகளும் குடித்தாள். உடம்பு எப்போதோ தேறியிருந்தது. நான் கோட்டோடு படம் எடுத்துக்கொண்டேன்.

தனியாகப் போட்டிருந்தால் என் பிறந்த தேதியை யார் உன்னுடையதோடு சேர்த்து வைத்துப் பார்த்திருக்கப் போகிறார்கள்? நீ ஒருநாளும் அதைச் சொல்லவில்லை. என்னைத் திட்டுவதற்கு ஆயிரம் காரணம் வைத்திருந்தாய். அதை மட்டும் எடுத்ததே இல்லை.

ஃபைலின் அடியில், அந்தச் சான்றோடு சேர்த்து நீ எழுதி அனுப்பிய அபிடவிட்டின் நகல் இருந்தது. நோட்டரி முத்திரை, கீழே உன் கோணல் கையெழுத்து. ‘மேற்படி நபர் என் தாய் வயிற்றில் எனக்கு மூன்று வருடம் கழித்துப் பிறந்த என் தம்பி என உறுதி கூறுகிறேன்.’ கேட்ட ஆதாரை அலுவலரிடம் கொடுத்துவிட்டேன். இதை யாரும் கேட்கவில்லை. என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இன்று காலை கண்ணாடி முன்னால் நின்று கையைத் தலைக்கு மேல் போட்டுப் பார்த்தேன். தோள்பட்டை பிடித்துக்கொண்டு ஒரு வருடமாகிறது. விரல் உச்சந்தலையோடு நின்றுவிட்டது. பின்னாலிருந்து முழங்கையை யாராவது அமுக்குவார்கள் என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றிருந்தேன், அக்கா.