ஜின்சியிடம் சொன்னது

புதன்கிழமை.

பன்னிரண்டு வருடமாக எங்கள் ஆஸ்பத்திரியில் தமிழ் என்றால் நான்தான். எந்த வார்டிலும் நோயாளி பேசும் தமிழ் மலையாளி டாக்டருக்குப் புரியாவிட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கோட்டயத்திலிருந்து வந்த புது நர்ஸ் ஜின்சி எட்டே மாதத்தில் தமிழ் பேசுகிறாள். எல்லாம் தப்பும் தவறுமாக. அதைக் கேட்டு வார்டே சிரிக்கிறது, பிறகு அவளையே கூப்பிடுகிறது.

இன்று காலை கை முறிந்து சரசு வந்தாள். எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் என் தெருக்காரி. "மாட்டுக்கொட்டாயில வழுக்கி உழுந்துட்டனுங்கக்கா" என்றாள். அப்படியே எழுதினேன்.

மத்தியானம் ஜின்சி டாக்டரைக் கூட்டிவந்தாள். புருஷன் கட்டையால் அடித்தானாம், இது மூன்றாவது முறையாம். சரசு அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். டாக்டர் நான் எழுதியதை அடித்துத் திருத்தினார். போலீசுக்குத் தகவல் போனது.

சரசுவுக்கு நல்லதுதான். ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. அவள் தனியாக இருந்தபோது கேட்டே விட்டேன். "ஏன் சரசு, எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க நம்மூருங்கக்கா. நாளைக்கு உங்க ஊட்டுலயே பேசுவாங்க. அந்தப் புள்ளைக்கு நம்மூர்ல யாரையுந் தெரியாதுங்களே."

பிபி பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

டியூட்டி முடிந்ததும் ஜின்சி ஒரு கிளாஸை நீட்டினாள். "சேச்சி, சாயா குடிங்க."

நல்ல காரியம் செய்தாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சாயா இல்ல, டீன்னு சொல்லணும்" என்றேன்.

"டீ" என்று சிரித்தபடி சொல்லிப் பார்த்தாள்.

எங்கள் வீட்டில் எல்லோரும் சாயா என்றுதான் சொல்கிறோம்.