கந்தையா பெயரில் போன காப்புறுதி

மச்சான், உன் பிஸ்கட் பேணியைத் திறந்தால் இன்னும் சுருட்டு மணக்கிறது. நேற்று சிட்னி செவன் ஹில்ஸில் உன் வீட்டுக் குசினியில் உட்கார்ந்து திறந்தேன். உள்ளே, இங்கிலாந்துக் காப்புறுதிக்கு நீ ஆண்டுதோறும் கட்டிய பணத்தின் பற்றுச்சீட்டுகள். பணம் உன்னுடையது, பெயர்தான் வேறு. அந்தத் திருப்பணியைச் செய்தவன் நான்.

லண்டனில் எட்டு வருடம் உழைத்துவிட்டு நாம் சிட்னிக்கு வந்த புதிது. அங்கே விட்ட காப்புறுதியை இங்கிருந்தும் விரும்பினால் கட்டலாம், வயது போனால் பென்சன் வரும் என்று நீ எங்கோ விசாரித்து வந்தாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"குளிருக்குப் பயந்து ஓடி வந்த ஊருக்குக் காசு அனுப்பப் போறியோ?"

"எனக்கில்லையடா. நான் முந்திப் போனால் என்ர மனுசிக்கு வரும்."

உன் பழைய அட்டை கப்பலில் தொலைந்துவிட்டது. இலக்கமும் ஞாபகமில்லை. லண்டனில் உன் சொந்தப் பெயரையே குடும்பப் பெயராகப் பதிந்திருந்தாய். கந்தோரில் எழுத்து வேலை செய்கிற தலைக்கனத்தில் நான், "குடும்பப் பெயரெண்டால் தகப்பன்ர பெயரடா, மொக்கா" என்று உன் ஐயா கந்தையாவைப் படிவத்தின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏற்றினேன். லண்டன் காப்புறுதிக்காரர் புதுக் கணக்கே திறந்துவிட்டார்கள். திரு. கந்தையாவுக்கு என்று பற்றுச்சீட்டு வந்தபோதும் நமக்கு உறைக்கவில்லை. "ஐயா தோட்டம் கொத்தின மனுசன். பென்சனைக் கண்டவரே? அனுபவிக்கட்டும்" என்று சிரித்தாய்.

நீ போனபின் உன் மனைவி விதவைப் பென்சன் கேட்டு எழுதினாள். லண்டனை விட்டபின் உன் பெயரில் யாரும் பணம் கட்டவில்லை, ஆகவே குறைந்த தொகைதான் என்று பதில் வந்தது. இரண்டு பிள்ளைகள், தையல் ஆலைச் சம்பளம். அவள் என்னைத் திட்டவில்லை மச்சான், தேத்தண்ணி தந்தாள்.

யாழ்ப்பாணத்தில் பெயர் எப்படி வைப்போம் என்று லண்டனுக்கு நாலு பக்கம் எழுதினேன். உன் பிறப்புச் சான்றிதழையும் எல்லாப் பற்றுச்சீட்டுகளின் பிரதிகளையும் சேர்த்தேன். பிழை முழுவதும் என்னுடையதே என்று சத்தியக் கடதாசியும் முடித்தேன். அதை உறுதிப்படுத்திக் கையெழுத்து வைத்த சமாதான நீதவான் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

நேற்றுப் பதில் வந்தது. இரண்டு கணக்கையும் ஒன்றாக்கிவிட்டார்கள். முழுத்தொகையும் அவளுக்குக் கிடைக்கும். இரண்டு தரம் வாசித்தாள், கண்ணைத் துடைத்தாள், பிறகு என்னைக் கேள்வியில் பிடித்தாள்.

"அண்ணை, நீங்கள் இதைக் கட்டுறியளோ?"

"இல்லை."

"அப்ப நீங்கள் முந்திப் போனால் வீட்டில அக்காவுக்கு?"

அவள் மேசை லாச்சியைத் திறந்து அதே காப்புறுதியின் வெறும் படிவம் ஒன்றை எடுத்தாள். "உங்களுக்கெண்டு எடுப்பிச்சனான். பேனையைத் தாங்கோ, நீங்கள் எழுதவேண்டாம். சொல்லுங்கோ, நான் எழுதுறன்." பள்ளிப் பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் ஒப்புவித்தேன்.

வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். "இருபது வருசத்தில முதல் தரம் என்னை நினைச்சு ஒரு காரியம் செய்திருக்கிறியள்" என்றாள். அது உன்னுடைய யோசனை என்று நான் சொல்லவில்லை. மன்னித்துக்கொள்.