உன் கம்பெனி, என் பெயர்

இன்று காலை சமயநல்லூரில் பொடி அரைக்கும் கொட்டகைக்குப் போனபோது வறுபட்ட உளுந்தின் வாசனை வழக்கம்போல ரோடுவரை வந்திருந்தது. உள்ளே நுழைந்தால் எதிர்ச்சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள்ளிருந்து நானே என்னை முறைத்துக்கொண்டிருக்கிறேன். என் படத்தோடு உணவுப் பாதுகாப்புத் துறை தந்த பதிவுச் சான்றிதழ். வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டிவைக்க வேண்டும் என்பது சட்டம். இந்த மாதத்தோடு அது காலாவதியாகிறது. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். வேறு யாரிடம் போய் நான் சண்டை போடுவது?

அந்தப் படம் எடுத்த நாள் உனக்கு நினைவிருக்கும். கோரிப்பாளையம் ஸ்டுடியோவில் என் வெறுங்கழுத்தைப் பார்த்துவிட்டு உன் சங்கிலியைக் கழற்றி எனக்கு மாட்டினாய். "மொதலாளி மாதிரி தெரிய வேணாமாடி?" என்றாய். ஸ்டுடியோக்காரர் சிரிக்கச் சொன்னார். எனக்கு வரவில்லை.

எனக்குப் பொடி அரைக்கும் ஆசை ஒருநாளும் இருந்ததில்லை. ஆசையெல்லாம் உனக்குத்தான். ஆனால் நீ அரசு அலுவலகத்தில் உதவியாளர். அரசு ஊழியர் சொந்தமாகத் தொழில் நடத்தக் கூடாது. வீட்டார் பெயரில் நடத்தினாலும் ஆபீஸுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். உன் வீட்டில் இருந்ததோ நீயும் பள்ளிக்கூடம் போகும் மகளும்தான். கே.கே. நகரில் எதிர்வீட்டில், சின்ன வயதிலிருந்தே நீ சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு ஒருத்தி இருந்தாள். அவள் பெயரில் ஆரம்பித்துவிட்டாய்.

"உன் பேர் மட்டும் குடு. கையெழுத்துப் போடு. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றாய்.

"ஏதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா?"

"என்னடி இம்புட்டு பயப்படுற? இட்லிப் பொடிதான அரைக்கிறோம், வெடிமருந்தா?"

அன்றிரவு சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் கேட்டார்: "கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார், அதை உன்னிடம் வந்து சொல்ல எனக்குத் தைரியம் இருந்திருக்காது. அதனால் கேட்காமலே போட்டேன்.

ஒரு கையெழுத்து என்றுதான் சொன்னாய். கொட்டகை வாடகை ஒப்பந்தம், ஊராட்சி உரிமம், உணவுப் பதிவு, எடையளவுத் துறைப் பதிவு, கடை மின் இணைப்பு என்று அது வளர்ந்துகொண்டே போனது. பொட்டலத்தில் பெயர், முகவரி, எடை, பேக் செய்த தேதி எல்லாம் அச்சடிக்க வேண்டுமாம். புகார் சொல்ல ஒரு போன் நம்பரும் வேண்டுமாம். அதுவும் என்னுடையது. எங்கோ மேலூரில் ஒருவர் வாயில் கல் கடிபட்டால், நான் இங்கே அடுப்பை அணைத்துவிட்டு மன்னிப்புக் கேட்பேன். பொடிக்குப் பாராட்டு வந்தாலும் எனக்குத்தான் வரும். அதை வாங்கி உன்னிடம் கொடுத்துவிடுவேன். நீ சாப்பிட்ட மாதிரி முகம் மலர்வாய்.

அதிகாரி சோதனைக்கு வந்த அன்று நீ விடுப்பில் இருந்தாய். ஜீப் சத்தம் கேட்டதும் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பொடி வாங்க வந்தவள்போல வாசலோரம் போய் நின்றுகொண்டாய். அவர் என்னைப் பார்த்து, "உளுந்துக்கு மிளகாய் என்னம்மா கணக்கு?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? பின்னாலிருந்து உன் குரல் வந்தது: "போன தடவ கேட்டப்ப நாலுக்கு ஒண்ணுன்னு சொன்னீகளேக்கா!"

அவர் திரும்பி, "நீங்க யாரும்மா?" என்றார்.

"பொடி வாங்க வந்தேன் சார். இங்கதான் எப்பவும் வாங்குறது. ரொம்பச் சுத்தமா இருக்கும் சார்."

அவர் போனதும் நீ உளுந்து மூட்டைமேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாய். "ஓனரம்மா, நல்லா முழிச்சீகம்மா!" என்று பாண்டியம்மாளும் சேர்ந்துகொண்டாள். அவளும் அங்கே வேலை பார்க்கும் மற்ற மூன்று பெண்களும் உன்னைத்தான் முதலாளி என்று நினைத்தார்கள். வெளியாள் வந்தால் மட்டும் என்னை அப்படிக் கூப்பிடப் பழக்கியிருந்தாய். நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னால், அந்த வருடங்களில் நான் சிரித்ததெல்லாம் உன்னோடுதான்.

பிறகு ஒரு புதன்கிழமை, ஆபீஸ் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் நீ எழுந்திருக்கவில்லை. ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் இருந்தது. ஓய்வு பெற்ற மறுநாளே எல்லாவற்றையும் உன் பெயருக்கு மாற்றிக்கொள்வதாகச் சொல்லியிருந்தாய். அந்த நாளுக்கு என்னைவிட அதிகமாகக் காத்திருந்தவர் யாரும் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்தில் உன் உறவுக்காரர் ஒருவர் என் காதுபடவே சொன்னார்: "கம்பெனிய அந்தம்மா தன் பேருக்கு எழுதி வாங்கிருச்சாம்ல." சாப்பிட்டுக்கொண்டிருந்த இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். உன்மேல் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. செத்துப்போனவள்மேல் எம்புட்டு நாளைக்குக் கோபப்படுவது என்று கேட்பாய். நீ என்னை அந்த இடத்தில் தனியாக நிறுத்திவிட்டுப் போனாய். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உன் மகள் படிப்பை முடிக்கட்டும் என்று இரண்டு வருடம் பொறுத்தேன். இதற்கிடையே ஓசூரில் என் மகனுக்குப் பிள்ளை பிறந்தது. என் வீட்டுக்காரர் முன்னாலேயே போய், பேரனைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகத் திரிகிறார். "எப்பம்மா வார?" என்று மகன் ஞாயிறுதோறும் கேட்கிறான். இந்தா, அடுத்த மாதம் என்கிறேன். நான் போனால் சோதனைக்கு வருகிறவருக்கு யார் முகம் காட்டுவது? புகார் போனை எடுத்துக்கொண்டு ஓசூர் போகலாம், கொட்டகையை எடுத்துக்கொண்டு போக முடியுமா?

போன மாதம் உன் மகளையும் கூட்டிக்கொண்டு உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனேன். பெயர் மாற்ற வேண்டும் என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாகத்தான் சொன்னார்.

"உரிமையாளர் இறந்துட்டா வாரிசு பேருக்கு மாத்திக் குடுப்போம்மா. இறந்தது யாரு?"

"இவுக அம்மா."

அவர் கணினியைப் பார்த்தார். "இதுல உரிமையாளர்னு உங்க பேர்தான இருக்கு? நீங்க நல்லாத்தான இருக்கீக?"

நான் நன்றாகத்தான் இருந்தேன். அதுதான் சிக்கல். காகிதத்தில் உனக்கும் அந்தக் கம்பெனிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நீ செத்தது அந்தக் கணினிக்குத் தெரியாது. நான் செத்தால் கம்பெனி ஓசூரில் இருக்கும் என் மகனுக்குப் போகும், உன் மகளுக்கு அப்போதும் வராது. அந்த மனிதர் வழியும் சொன்னார். என் பதிவை ஒப்படைத்துவிட்டு, உன் மகள் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதுதான். அவ்வளவு எளிது. திரும்பும் வழியில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். அவள்தான் எழுப்பி இறக்கினாள்.

ஆதார் நகல், புது வாடகை ஒப்பந்தம், கொட்டகையின் வரைபடம், தண்ணீர் பரிசோதனை அறிக்கை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். ஓசூர் போகப் பெட்டியைக்கூடப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துவிட்டேன். போன வாரம் உன் மகளுக்கு ஒரு தபால் வந்தது. கருணை அடிப்படையில் அவளுக்கு வேலை. நீ வேலை பார்த்த அதே துறை. தாயும் தகப்பனும் இல்லாத பெண்ணுக்கு அரசாங்க வேலை கிடைத்திருக்கிறது. சர்க்கரை கொடுத்து, கட்டிப்பிடித்து, நானும் அழுதேன். பாதி அழுகை சந்தோஷத்தில்தான்.

இன்று சாயங்காலம் மடிக்கணினியோடு வந்தாள். எதிரே உட்கார்ந்து அதைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சித்தி, இனி எம் பேர்ல எடுக்க முடியாது" என்றாள்.

"தெரியும்."

"மூடிருவமா? பாண்டியம்மாக்காகிட்ட நானே சொல்லிர்றேன். ஆனா அம்மா ஆபீஸவிட அந்தக் கொட்டகையிலதான் சந்தோஷமா இருந்தாங்க. நான் பாத்திருக்கேன்."

அவள் உன்னைப்போல என்னை அதட்டவில்லை. அதட்டியிருந்தால் ஒருவேளை எழுந்து கதவைச் சாத்தியிருப்பேன். மூடிவிடு என்று அவளே வழிவிட்டாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எழுந்து எங்கேயாவது ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஓடாமல் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "புதுப்பிக்கிற படிவத்தை எடு" என்றேன்.

எடுத்தாள். என் பெயர், என் படம், என் முகவரி எல்லாம் தானாகவே வந்து உட்கார்ந்தன. எத்தனை ஆண்டுகளுக்கு என்று கேட்டிருந்தது.

"வருஷா வருஷம் உங்கள அலைய விடக் கூடாதுல்ல. அஞ்சு வருஷத்துக்குப் போட்டுறவா சித்தி?" என்றாள், நல்ல மனதோடுதான்.

தலையாட்டினேன். உன்னிடம் ஒருநாளும் சொல்ல வராத 'முடியாது' உன் மகளிடமும் வரவில்லை. நீ எனக்கு விட்டுப்போனது கம்பெனி இல்லையடி, இதுதான். என் போனுக்கு ஓ.டி.பி. எண் வந்தது. ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன், அவள் தட்டினாள், முடிந்தது. உன் வீட்டு விளக்கு எரிவதை இங்கிருந்தே பார்த்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நாளை ஞாயிறு, மகன் கூப்பிடுவான். பேரன் இப்போதுதான் தத்தக்கா பித்தக்கா என்று நடக்கிறானாம். இந்தப் பதிவு முடியும்போது அவன் ஒன்றாம் வகுப்புப் போய்க்கொண்டிருப்பான்.