பதினாறு கட்டங்களும் ஒரு சபாஷும்

மார்ச் 3
“சார், விடை தெரியும், சொல்லத்தான் வரல. அதுக்கு மார்க் உண்டா?” இருபது வருடத்துக்கு முன் ஒரு மாணவி கேட்டாள். “கிடையாது, உட்காரு” என்றேன். காலையிலிருந்து அந்தக் கேள்விதான் மனதில்.

பக்கவாதத்துக்குப் பிறகு என் மனைவிக்குப் பேச்சு இல்லை. இடது கை மட்டும் அசைகிறது. பேச்சுப் பயிற்சியாளர் ஒரு டேப்லெட் கொடுத்திருக்கிறார். படம் உள்ள கட்டத்தைத் தொட்டால் அந்தச் சொல்லை அது பேசும். பதினாறு கட்டங்களிலும் என்ன வைப்பது என்பது என் பொறுப்பு. பத்தொன்பதாம் தேதி வந்து பார்ப்பார். அவள் பயன்படுத்தவில்லை என்றால், டேப்லெட் காத்திருக்கும் வேறொருவருக்குப் போய்விடும்.

மார்ச் 6
தண்ணீர், வலி, போர்வை, மின்விசிறி... பதினாறும் முடிந்தது. எதைத் தொட்டாலும் கூடவே “சபாஷ்!” என்று சொல்லும்படியும் வைத்தேன். வகுப்பில் அது எப்போதும் பலித்தது.

மார்ச் 9
டம்ளரைக் காட்டி, “இது எது?” என்றேன். போர்வையைத் தொட்டாள். மறுபடி கேட்டேன். வலி. சபாஷ் என்றது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மார்ச் 10
புத்தியும் போயிடுச்சா? யார்கிட்ட கேப்பேன்?

மார்ச் 14
ஐந்து நாளாகத் தொடவே இல்லை. மகள் போனில் கத்தினாள்: “அம்மா என்ன ஒண்ணாங் கிளாஸாப்பா? தண்ணி எதுன்னு கேட்டா கோவம் வராதா? ஒரு நாள் நீங்க வாயத் திறக்காம அத வெச்சே இருங்க பாப்போம். முடியாது உங்களால!”

மார்ச் 15
வலது கையைத் துண்டால் கட்டிக்கொண்டு, வாயை மூடி உட்கார்ந்தேன். எனக்கு வெந்நீர் வேண்டும். தண்ணீரைத் தொட்டேன். சபாஷ்! அவளைப் பார்த்துக்கொள்ள வரும் நர்ஸம்மா பச்சைத் தண்ணீர் கொண்டுவந்தார். தலையாட்டினேன். “வேணாமா?” — எடுத்துப் போய்விட்டார். மறுபடி தொட்டேன். சபாஷ்! அதே டம்ளர். “சார், விளையாடறீங்களா?”

‘அது இல்லை, வேறு’ என்று சொல்ல ஒரு கட்டம்கூட நான் வைக்கவில்லை.

கட்டிலில் ஏதோ சத்தம். பதறித் திரும்பினேன். சிரிக்கிறாள்! கண்ணில் நீர் வரும்வரை சிரிக்கிறாள்.

மார்ச் 16
சபாஷை அழித்தேன். ஐந்து படங்களை எடுத்துவிட்டு வைத்தவை: அது இல்ல. வேற. ஏன்? பொறுங்க. சும்மா இருங்க.

மார்ச் 19
அவளிடம் பயிற்சியாளர் எதுவும் கேட்பதற்குள் நானே விளக்க ஆரம்பித்தேன், முதல் உதாரணம், இரண்டாம் உதாரணம் என்று. இடது கை மெல்ல நகர்ந்தது.

“சும்மா இருங்க.”

பயிற்சியாளர் சிரித்துவிட்டார். “இது இங்கயே இருக்கட்டும் சார். அடுத்து டேப்லெட் வாங்கப் போற வீட்டுக்கு ஒரு வரி எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தேன்: முதல் படத்தை வைப்பதற்கு முன், ஒரு காலைப்பொழுது வாய் திறக்காமல், ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டு, உங்களுக்கு வேண்டிய ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்.